ஆணி அறைந்த கழுத்துப்பட்டை

திலாவின் இடது கை முழங்கைக்குக் கீழே வெளிப்பக்கமாக வளைந்திருக்கும். வாளியைத் தூக்கினால் அந்தக் கை மட்டும் வேறு பக்கம் போகப் பார்ப்பது போலத் தெரியும். ஆனால் அதே கையின் இரண்டு விரல்கள் நாயின் ரோமத்துக்குள் நுழைந்துவிட்டால் உண்ணி எங்கே ஒளிந்திருந்தாலும் தப்பாது. பிடித்து இழுக்கமாட்டாள், மெல்லத் திருகுவாள், தலையோடு வந்துவிடும். பக்கத்திலேயே மண்ணெண்ணெய் ஊற்றிய தகரக் குவளை இருக்கும், அதில் போடுவாள். ஆளைக் கிழிக்கிற நாய்கூட அவள் மடியில் தலையைக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளும். ஆற்றுக்கு அந்தப்பக்கத்து ஊர்களிலிருந்தும் நாயைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். வருகிறவர்களிடம் அவள் சொல்வது ஒன்றுதான்.

"பட்டையக் கழத்து மொதல்ல. கழுத்துல பட்டை கெடந்தா எங்க வாசல்ல நாய நிறுத்தாத."

கை ஏன் வளைந்தது என்று யாரும் கேட்பதில்லை. எங்கள் மலையில் அது எல்லாருக்கும் தெரிந்த கதை.

அவள் மலைக்காரி இல்லை. கீழே ஏரிக்கரையில் எருமை மேய்த்த தோதேயின் கடைசி மகள். தோதேக்கு மூன்று பெண், ஒரு பையன். மூத்தவள் பிரசவத்தில் போய்விட்டாள். நடுவுள்ளவள் மடத்தில் கன்னியாஸ்திரிகளுக்குச் சமைத்துப் போட்டுக் காலத்தைக் கழித்தாள். பையன் மராஷ், பேச்சு குறைவு, கோபம் அதிகம். எங்கள் மலையில் ஆடு வளர்த்த வுக்சானின் அத்தை ஒருத்தி ஏரிக்கரையில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவள் பேசி முடித்ததுதான் வுக்சானுக்கும் திலாவுக்கும் நடந்த கல்யாணம்.

ஏரிக்கரை நாணலில் ஒரு முறை நடந்து வந்தால் போதும், கணுக்காலில் உண்ணி ஏறியிருக்கும். நாய்களுக்குக் கேட்கவே வேண்டாம். சின்னப் பிள்ளையிலிருந்து திலாவுக்கு அந்த வேலைதான். வசந்தம் வந்தால் நாய்களுக்கு ஒரு காய்ச்சல் வரும். தின்னாது, ஈறு வெளுத்துப்போகும், பிறகு திராட்சை ரசம் போலச் சிவப்பாக ஒன்றுக்குப் போகும். அதைப் பார்த்துவிட்டால் தோதே வீட்டில் குழி தோண்ட மண்வெட்டியை எடுத்துவிடுவார்கள்.

மலைமேல் இருக்கிறவர்களுக்கு இது தெரியாது. குளிர் காற்றில் உண்ணி குறைவு. இங்கே நாய் செத்தால் இரண்டே காரணம்தான். ஒன்று ஓநாய், மற்றொன்று மனிதன்.

வுக்சான் இதைச் சின்ன வயதிலேயே படித்துக்கொண்டான். ஒருநாள் காலையில் அவன் தகப்பனின் காவல்நாய்கள் எல்லாம் தொழுவத்தைச் சுற்றி வாயில் நுரையோடு கிடந்தன. ஒன்றின் கழுத்திலும் பட்டை இல்லை, யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். அந்த வாரமே ஆடுகள் போயின. பிறகு ஊற்றடியில் தண்ணீர் குடிக்கக் குனிந்த தகப்பனின் பிடரியில் குண்டு பாய்ந்தது. தண்ணீரில் மிதந்த தொப்பியை எடுத்துக்கொண்டு வந்தவன் வுக்சான். அன்றிலிருந்து அவனுக்குக் கை பேசி முடித்த பிறகுதான் வாய் பேசும். கம்பளி வாங்க வந்த வியாபாரி ஒருத்தனின் தாடையை எடைக்கல்லால் உடைத்தான். கடித்த கோவேறு கழுதையின் பற்களைச் சுத்தியலால் தட்டினான். திலாவையும் விட்டுவைக்கவில்லை. ஆனாலும் பனி கொட்டின ஒரு ராத்திரி அவளுக்குப் பிரசவ வலி கண்டபோது, மருத்துவச்சியை முதுகில் சுமந்துகொண்டு மலை ஏறி வந்தவனும் அவன்தான். அப்படிப் பிறந்தவள்தான் திரிங்கா.

திரிங்காவின் முதல் முடியை வெட்டியவன் ஓடைக்கு அந்தப்பக்கத்துத் தொழுவத்து லூலாஷ். பிள்ளைக்கு முதல் முடி வெட்டுகிறவன் அந்த வீட்டுக்குக் கும்பார். கூடப் பிறந்தவன் மேலே கை ஓங்கினாலும் மன்னிப்பு உண்டு, கும்பார் ரத்தம் சிந்தினவனுக்குக் கிடையாது. லூலாஷ் ஓயாமல் கேலி பேசுகிறவன். சாவு வீட்டிலேயே யாரையாவது சிரிக்க வைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொள்வான். முடி வெட்டின அன்று சீர்வரிசையாக ஒரு சாம்பல் நிறக் குட்டியைக் கொண்டுவந்து கொடுத்தான். அதுதான் முர்கோ.

குட்டி நடக்கத் தொடங்கியதும் வுக்சான் ஆட்டு மயிர் கத்தரிக்கிற கத்தரியால் அதன் காதுகளை நறுக்கினான். நறுக்கின காதுகளை நெருப்பில் வாட்டி அதற்கே தின்னக் கொடுத்தான். தன் வலியைத் தானே தின்ற நாய் எதற்கும் பயப்படாது என்பது மலைக்கணக்கு. வளர்ந்ததும் தடித்த தோலில் வெளிப்பக்கம் விரல் நீள ஆணிகள் அறைந்த பட்டையைக் கழுத்தில் போட்டான். ஓநாய் கழுத்தைக் கவ்வினால் அதன் வாய் கிழியும். எல்லாரும் போடுகிற பட்டைதான். ஆனால் மற்றவர்கள் கழற்றுகிற மாதிரி வாரில் மாட்டினார்கள். வுக்சான் கொல்லனைக் கூப்பிட்டு இரண்டு முனையையும் சேர்த்து இரும்பு அறைந்து மூடச் சொன்னான்.

"இத எவனும் கழத்தப்பிடாது. நானே கழத்தப்பிடாது. எங்கப்பா நாய்க பட்டை இல்லாமத்தான் செத்துக் கெடந்துச்சு."

முர்கோ ஓநாய்களைக் கிழித்தது. ஒரு தடவை ஓநாயின் முகத்தில் பாதியைக் கவ்விக்கொண்டு வந்து வாசலில் போட்டது. அதன் உடம்பெல்லாம் திலா கையை ஓட்டுவாள். கழுத்துப் பக்கம் கை போனால் மட்டும் உறுமும், பல் தெரியும். அந்த இடம் வுக்சானுக்கு மட்டும்தான். இல்லாவிட்டால் அது பிறந்த தொழுவத்து லூலாஷுக்கு.

அந்த வருஷம் பனியே விழவில்லை என்று சொல்லலாம். வசந்தம் வருமுன்னே புல்லுக்குள் உண்ணி ஊர்ந்தது. திலா தினமும் குவளை நிறைய எடுத்தாள். பட்டையின் ஓரத்தில் மட்டும் கொத்துக் கொத்தாக, ஆமணக்குக் கொட்டைமுத்து கோத்தது மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது. ஓரத்திலேயே அவ்வளவு என்றால் உள்ளே?

சாப்பிட உட்கார்ந்தபோது அவள் பேச்செடுத்தாள்.

"இந்தாரும், நாய் பட்டைய ஒரு நாளைக்குக் கழத்தினா என்ன? உள்ள உண்ணி அடை வச்சிருக்கு."

"அடையா? கோழியா அது?"

"வெளாட்டில்ல. எங்கூர்ல இதுல நாய் செத்துப் பாத்திருக்கேன்."

"உங்கூர்ல தவளை கத்தினாலே நாய் செத்துரும். சோறு போடு."

"ஒரு பொழுது மட்டும்..."

சோளரொட்டி வைத்திருந்த மரத்தட்டு அவள் காதோரமாகப் பறந்து சுவரில் போய் அடித்தது. "எங்கப்பன் மூளைய ஊத்துத் தண்ணியிலருந்து கையால அள்ளியிருக்கேம்ட்டி. பட்டையப் பத்திப் பேசாத."

திரிங்கா மேசைக்கு அடியில் புகுந்துகொண்டாள். திலா உடைந்த தட்டைப் பொறுக்கினாள். அதற்கப்புறம்தான் அவளுக்கு ஓடை ஞாபகம் வந்தது. முர்கோ மத்தியானமானால் ஓடையைத் தாண்டித் தன் தாய் நாயைப் பார்க்கப் போகும்.

மறுநாள் தண்ணீர் எடுக்கப் போனபோது லூலாஷ் அந்தப்பக்கம் பால் குடங்களைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"கும்பாரே, ஒரு ஒத்தாசை வேணும்."

"கேளு மைனி. அந்த முரடனத் திருத்தணும்னா மட்டும் சாமியாருகிட்டப் போ, என்னால ஆவாது."

"முர்கோ வந்தா கழுத்துல மருந்து தடவி விடும். பட்டை ஓரம் பூரா உண்ணி. அவரு காதுல வாங்க மாட்டேங்காரு."

லூலாஷின் முகத்தில் இருந்த சிரிப்பு பாதியாகக் குறைந்தது. "அவன் நாயை அவனுக்குத் தெரியாம நான் தொடணுமா?"

"நீரு குடுத்த குட்டிதான."

"அதுவும் செரிதான்," என்றான். "தாரும் புகையிலையும் காச்சி வச்சிருக்கேன். என் நாய்க எல்லாம் அந்த நாத்தத்துலதான் திரியுது. என் பொண்டாட்டி என்னையவே பக்கத்துல விட மாட்டேங்கா. தடவிடுதேன். ஆனா பட்டைக்கு அடியில என் விரலு போவாது மைனி. அந்த மடையன் அறைஞ்சு மூடிட்டான்."

தடவினான். ஓரத்தில் இருந்த உண்ணிகள் சுருண்டு விழுந்தன. உள்ளே இருந்தவை உள்ளேயே இருந்தன.

சில நாளில் முர்கோ மோரைக்கூடத் தொடவில்லை. திலா உதட்டைத் தூக்கிப் பார்த்தாள், ஈறு சுண்ணாம்பு மாதிரி இருந்தது. நாய் எழுந்து தள்ளாடிப் போய் வேலியோரம் நின்று, கல்மேல் ஒன்றுக்குப் போனது. சிவப்பு.

வுக்சானும் பார்த்துவிட்டான். நாயின் மேல் விழுந்து அதன் தலையை மடியில் அள்ளிக்கொண்டான். வாயைப் பிளந்து விரலை விட்டான், வாந்தி எடுக்க வைக்கப் பார்த்தான், பால் ஊற்றினான். நாய் அவன் கையை நக்கியது. பிறகு கால்களை நீட்டி இழுத்துக்கொண்டு, அவன் மடியிலேயே விறைத்துப்போனது. அவன் நாயின் கழுத்தோரம் முகத்தை வைத்து அழுதான். முகத்தை எடுக்கும்போது அழுகை நின்றிருந்தது. மோந்து பார்த்தான். மறுபடி மோந்து பார்த்தான்.

"தார் வாடை."

திலா ஓடைப் பக்கம் பார்த்தாள்.

"இந்தச் சரிவுல தார் காச்சுறவன் ஒருத்தன்தான்." எழுந்தான். "எங்கப்பனுக்கும் இப்படித்தான். மொதல்ல நாய். பொறவு ஆடு. பொறவு ஆளு."

தொழுவத்து நாயைக் கொன்றால் வீட்டு ஆளைக் கொன்ற மாதிரி என்பது எங்கள் சட்டம். அவன் துப்பாக்கி சுவரில் தொங்கியது. அதை எடுக்கப் போகிறான் என்று தெரிந்ததும் திலா வாசலை மறித்தாள். சொல்லாவிட்டால் லூலாஷ் சாவான். சொன்னால் அடி தனக்கு. அவள் அடியை எடுத்துக்கொண்டாள்.

"நான்தான் கேட்டேன். நான்தான் கும்பாரத் தடவச் சொன்னேன். உண்ணிக்கு."

வுக்சான் நின்றான். "நீயா கேட்ட?"

"ஆமா."

"எங்க வச்சு?"

"ஓடையில."

"ஓடையில," என்றான். "நானில்லாதப்ப. எம் பொண்டாட்டியும் அவனும்."

அவன் மனசு எங்கே போகிறது என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. வாயைத் திறப்பதற்குள் கோடாலிக் காம்பு வந்துவிட்டது. தலையைக் காக்க இடது கையைத் தூக்கினாள். காய்ந்த சுள்ளி ஒடிகிற சத்தம் கேட்டது. இரண்டாவது அடி இடுப்பில். விழுந்தவள் எழ முயன்றபோது மார்பில் மிதித்துத் தள்ளிவிட்டு, துப்பாக்கியை எடுத்துக்கொண்டு ஓடையை நோக்கி நடந்தான். ஓடவில்லை. அதுதான் அவளைப் பயப்படுத்தியது.

திரிங்கா கதவிடுக்கில் நின்று அலறினாள். "உள்ள போ, தாழ்ப்பாளைப் போடு," என்றாள் திலா. தொங்கின கையைக் கச்சைத் துணிக்குள் திணித்துக்கொண்டு நாயிடம் ஊர்ந்து போனாள். வேலியில் தொங்கிய ஆட்டுக் கத்தரியை இழுத்து, அதன் ஒரு பிடியைக் காலால் மிதித்து, மறு பிடியை ஒற்றைக் கையால் அழுத்தித் தோலை நறுக்கினாள். ஆணி கையைக் கிழித்தது. நறுக்கினாள். பட்டை பிளந்து விழுந்ததும் அழுகல் நாற்றம் எழுந்தது. நாயின் கழுத்தில் ரோமமே இல்லை. சதை வெந்தது போல இருந்தது. பட்டையின் உட்பக்கம் முழுக்கச் சாம்பல் நிறத்தில், கொழுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக உண்ணிகள். அவள் பட்டையை மடியில் அள்ளிக்கொண்டு ஓடினாள்.

ஓடையைத் தாண்டும்போது வெடிச் சத்தம் கேட்டது.

லூலாஷ் தயிர்ப்பானை அருகே மண்டியிட்டிருந்தான். அவன் வலது கையில் கட்டைவிரலும் மணிக்கட்டும் மட்டும் மிச்சம் இருந்தன, மற்றதெல்லாம் சுவரில். இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டு, அழவும் முடியாமல் வாயைக் கோணிக்கொண்டிருந்தான். வுக்சான் மறுபடி தோட்டா போட்டுவிட்டான். துப்பாக்கிக் குழாயை லூலாஷின் பற்களுக்கிடையில் திணித்தான்.

"சொல்லு. என் நாய்க்கு என்ன குடுத்த? எம் பொண்டாட்டிக்கு என்ன குடுத்த?"

லூலாஷின் நாய்கள் அவனைச் சுற்றிச் சுற்றி ஊளையிட்டன. வுக்சான் அவற்றுக்குத் தெரிந்த ஆள், கடிக்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை.

திலா எறிந்தாள். பட்டை தயிர்ப்பானைக்குள் விழுந்தது. மோதிய வேகத்தில் உண்ணிகள் உடைந்தன. வெள்ளைத் தயிரில் ரத்தம் பூப்பூவாக விரிந்தது.

"பாரும்," என்றாள். மூச்சு வாங்கியது. "நாயோட ரத்தம் அதுலதான் இருக்கு. அத மூடுனது யாரு? இந்தக் கும்பாரா? கொல்லன அழைச்சுட்டு வந்து இரும்படிச்சு மூடுனது யாரு?"

வுக்சான் பானையைப் பார்த்தான். உடையாத உண்ணிகள் தயிரில் காலை அசைத்துக்கொண்டிருந்தன.

"அவரு தாரு நஞ்சுன்னா, இந்த நாய்க எல்லாம் ஏன் சாவல? மோந்து பாரும். ஒவ்வொண்ணா மோந்து பாரும்!"

நாய்களில் ஒன்று அவன் தொடையில் மூக்கை இடித்தது. அதே வாடை. எல்லா நாய்களிலும் அதே வாடை. குழாய் மெல்ல லூலாஷின் வாயிலிருந்து வெளியே வந்தது, அதோடு ஒரு பல்லும்.

லூலாஷ் ரத்தத்தைத் துப்பினான். "பட்டைக்கு அடியில என் விரலு போவல வே," என்றான். "இனி எங்கயும் போவாது."

அதற்கப்புறம் மலை சும்மா இருக்கவில்லை. ராஜாவின் சிப்பாய்கள் வந்து லூலாஷைக் கேட்டபோது, துப்பாக்கி துடைக்கையில் எலி வந்து விசையை மிதித்துவிட்டது என்றான். சிப்பாய்களிடம் அப்படிச் சொன்னானே ஒழிய, அவன் தம்பிமார் பாறைகளுக்குப் பின்னால் பதுங்கிக் கிடந்தார்கள். வுக்சான் வீட்டுக்குள் அடைந்து கிடந்தான், ஜன்னல் பக்கம் தலை காட்டினால் சுவர் தெறித்தது. ஆடுகளைத் திலாதான் ஒற்றைக் கையோடு பார்த்தாள், பெண்ணைச் சுடமாட்டார்கள். எலும்பு கட்டுகிறவனிடம் போக நேரமில்லாமல் கை கோணலாகவே கூடிவிட்டது. ஏரிக்கரையிலிருந்து அவள் அண்ணன் மராஷ் துப்பாக்கியோடு வந்து இறங்கினான். எங்கள் சட்டத்தில் கட்டிக்கொடுத்த பெண்ணின் ரத்தம் பிறந்த வீட்டுக்குத்தான் சொந்தம்.

கடைசியில் பாதிரியாரும் ஊர்ப் பெரியவர்களும் நடுவில் விழுந்து மாதா கோயில் முற்றத்தில் கூட்டம் கூட்டினார்கள். வுக்சானைக் கையைப் பின்னால் கட்டி, அவன் துப்பாக்கியை அவன் கழுத்திலேயே தொங்கவிட்டுக் கொண்டுவந்தார்கள். லூலாஷ் எழுந்தான்.

"நான் செத்திருந்தா என் தம்பிமாரு பாத்துக்கிடுவானுவ. நான் சாவல, அதனால நானே சொல்லுதேன். எனக்கு ரத்தம் வேண்டாம். என் கை இருந்தா என் நாய்களுக்கு உண்ணி எடுக்கும். இப்ப இல்ல. உசிரு இருக்கிற வரைக்கும் வசந்தம் வந்தா இவன் வந்து மண்டி போட்டு எடுக்கட்டும். நான் நாக்காலியில உக்காந்து வேலை வாங்குதேன்."

தம்பிமார் முணுமுணுத்தார்கள். பெரியவர்கள் சம்மதமாகத் தலையை ஆட்டினார்கள். அப்போது மராஷ் துப்பாக்கிக் கட்டையைத் தரையில் குத்தினான்.

"உங்க கணக்கு முடிஞ்சுதா? எந்தங்கச்சி கைக்கு யாரு பதில் சொல்லுவா? கையை ஒடிக்கவா பொண்ணு குடுத்தோம்?"

"அது வீட்டுச் சமாச்சாரம்ப்பா," என்றார் ஒரு பெரியவர்.

"அப்ப வீட்டுலயே முடிச்சுக்கிடுதேன்," என்றாள் திலா. பெண்கள் பேசுகிற இடமில்லை அது. யாரும் தடுக்கவும் இல்லை. "அண்ணே, துப்பாக்கிய இறக்கு. அந்தப் பட்டை எங்கிட்ட இருக்கு. மயிரு கத்தரிக்கிற அன்னைக்கு, காலையிலருந்து பொழுது சாயுற வரைக்கும் அவரு அதப் போட்டுக்கிடணும். அவ்வளவுதான்."

வுக்சான் முதல் முறையாகத் தலையைத் தூக்கினான். "மராஷு, என்னச் சுட்டுட்டுப் போயிரு."

"சுட்டா செத்துருவீரு," என்றாள் திலா. "செத்தவருக்கு என்ன தெரியப்போவுது?"

கத்தரிப்பு நாள் அனலாகக் கொதித்தது. மராஷ் வாசலில் கல்மேல் உட்கார்ந்துகொண்டான். திலா நறுக்கின பட்டையின் முனைகளைக் கம்பியால் முறுக்கிப் புருஷன் கழுத்தில் பூட்டினாள். அவன் ஆட்டின்மேல் குனியும்போதெல்லாம் ஆணி தாடையில் குத்தியது. திமிறின ஆட்டை நெஞ்சோடு அணைத்தபோது ஆணி அதன் காதைக் கிழித்து, அது துள்ளி அவன் உதட்டை உடைத்தது. வியர்வை தோலுக்குள் இறங்கி எரித்தது. முர்கோவின் ரத்தம் காய்ந்து கெட்டித்த தோல் அது. கையைப் பட்டைப் பக்கம் கொண்டுபோகப் பார்த்தான். "உம்," என்றான் மராஷ். கை இறங்கியது. சாயங்காலத்துக்குள் சட்டை மார்பு வரை சிவந்துவிட்டது. அவன் அடுத்த ஆட்டை இழுத்துக்கொண்டான். யாரையும் அடிக்கவில்லை. திரிங்கா தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டே நின்றாள்.

பொழுது சாய்ந்ததும் திலா வந்து கம்பியை முறித்தாள். பட்டை பிரிந்தது. கழுத்தைச் சுற்றிச் சதை உரிந்திருந்தது. விளக்கைக் கிட்டே கொண்டுவந்து பார்த்தவள், பிடரியில், அவன் தகப்பனுக்குக் குண்டு பாய்ந்த அதே இடத்தில், ஒன்றைக் கண்டாள். பட்டையின் மடிப்புக்குள் இத்தனை நாள் பட்டினி கிடந்து காத்திருந்த ஒரு சின்ன உண்ணி, தலையைப் புதைத்துக்கொண்டிருந்தது.

"என்ன அது?" என்றான் வுக்சான்.

"அசையாதீரும்."

"வலிக்கி."

"அசஞ்சா தலை உள்ள நின்னுக்கிடும்."

அவன் அசையாமல் இருந்தான். அவள் கோணல் கையால் அவன் தலையை முழங்கால்மேல் அமுக்கிக்கொண்டு, இரண்டு விரலால் பிடித்து, இழுக்காமல், மெல்லத் திருகி எடுத்து அடுப்பில் போட்டாள். பட்டென்று வெடித்தது.